எழுத்து ஆடலாம், புள்ளி ஆடக் கூடாது

குன்னூரில் லேபிள், பெயர்ப்பலகை, மெனு கார்டு என்று சின்னச் சின்ன டிசைன் வேலைகள் செய்கிறேன். வீட்டில் சாக்லேட்டும் ஜாமும் சோப்பும் செய்து விற்கிற அக்காக்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், டீக்கடைக்காரர்கள், வர்க்கி போடுகிற பேக்கரிக்காரர்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். யார் வந்தாலும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "கையால எழுதின மாதிரி இருக்கணும், பார்த்தா ஜாலியா இருக்கணும்." சாக்லேட் டப்பாவில் 'லதா' ஃபான்ட்டைப் போட்டுக் காட்டியபோது, "தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குதேம்மா" என்றார் ஒரு அக்கா. மறுத்துப் பேச வழியில்லை.

இப்படிப்பட்ட குறும்பு எழுத்துகளை டிஸ்ப்ளே ஃபான்ட் என்போம். பெரிய அளவில் நாலைந்து வார்த்தைக்குத்தான் அவை. பத்தி பத்தியாகப் படிக்க அல்ல. தமிழில் இலவசமாகவே சில நல்லவை கிடைக்கின்றன. சொந்தமாக வரைய உட்காரும் முன் அவற்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எக் டைப் குழுவின் 'பலூ தம்பி' நன்றாக உருண்டு திரண்டு, குழந்தைகள் சமாச்சாரம் எதற்கும் பொருந்தும். தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' கொஞ்சம் சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. கல்யாணப் பத்திரிகை, கவிதைப் போஸ்டர் போன்றவற்றுக்கு எடுப்பு. 'காயினி' தடித்தது, முனை மழுங்கியது. மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் ஓபன் ஃபான்ட் லைசென்ஸோடு இருக்கின்றன. விற்கிற பொருளிலும் காசு கொடுக்காமல் போடலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு இவை போதவில்லை. மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கடை இரண்டுக்கும் ஒரே ஃபான்ட்டைப் போட வேண்டிய நிலை வந்தபோதுதான், நமக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

வரைந்தது நான் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எழுத்தின் உடம்பு மேட்டுப்பாளையத்துப் பெயின்டர் அண்ணன் ஒருவருடையது. ஃபிளக்ஸ் வருவதற்கு முன்னால் மலைமேல் எத்தனையோ கடைகளுக்குப் பலகை எழுதியவர். இப்போது ஆட்டோவுக்குப் பின்னால் வாசகம், கோயில் சுவரில் உபயதாரர் பெயர் என்று வேலை சுருங்கிவிட்டது. சார்ட் பேப்பரும் போஸ்டர் கலரும் வாங்கிக் கொடுத்து, பலகைக்கு எழுதுகிற அதே கையில் எழுத்துகளை எழுதித் தரச் சொன்னேன். ஃபான்ட் கோப்புக்குள் 'டிசைனர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் சம்மதத்தோடு அவர் பெயரும் இருக்கிறது. ஒருவருடைய கையெழுத்தை வாங்கி ஃபான்ட் செய்ய நினைக்கிறவர்கள் இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள்: பணம் மொத்தமாக ஒரு தடவையா, விற்கிற போதெல்லாமா, பெயர் எங்கே வரும். ஃபான்ட் ஓட ஆரம்பித்த பிறகு பேசினால் மனத்தாங்கல்தான்.

அவர் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினார். கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. எழுத்து நிற்க அது போதும். ஆனால் அதற்கும் மேலே இன்னொரு கோடு சுண்டினார்.

"இது எதுக்குங்கண்ணா?"

"புள்ளிக்குக் கண்ணு."

எழுத்துகளை அவர் கோட்டுக்குள் கட்டிப்போடவில்லை. 'க' கொஞ்சம் இறங்கி நின்றது. 'ட' எம்பியது. 'ம'வின் வயிறு ஒரு தடவை பெருத்தது, ஒரு தடவை ஒட்டியது. வார்த்தை முழுக்க எழுதி முடித்த பிறகு சின்ன பிரஷ்ஷை எடுத்து, மூன்றாவது கோட்டைப் பிடித்தபடியே இடமிருந்து வலமாகப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு போனார். "எழுத்து ஆடலாம் கண்ணு. புள்ளியும் சேர்ந்து ஆடுச்சுன்னா படிக்கிறவன் தடுமாறிருவான்."

இந்த ஃபான்ட்டில் நான் செய்ததெல்லாம் அந்தப் பேச்சை ஒட்டித்தான். கையெழுத்துச் சாயல் என்றால் எல்லாவற்றையும் கோணல்மாணலாக ஆக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். எது ஆடாமல் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால்தான் மற்றதை ஆடவிட முடியும். ஃபான்ட் மென்பொருளில் எழுத்தின் சதுரத்தை 1000 அலகு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதில் 30 முதல் 40 அலகு வரை எழுத்தை மேலேயோ கீழேயோ தள்ளினேன். அதற்கு மேல் போனால் குறும்பு போய் அலங்கோலம் வந்துவிடுகிறது. புள்ளி மட்டும் எல்லா மெய்யிலும் ஒரே உயரம். இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. புள்ளியைத் தனியாக வரைந்து எழுத்தோடு பிணைத்துவிட்டால், எழுத்து இறங்கும்போது புள்ளியும் கூடவே இறங்கும். அதனால் 18 மெய், அப்புறம் ஜ், ஷ், ஸ், ஹ், க்ஷ் ஆக 23 எழுத்தையும் புள்ளியோடு சேர்த்துத் தனித்தனி வடிவமாகவே வைத்தேன். வேலை கூடுதல்தான்.

இன்னொன்றும் அவர் கையிலிருந்து வந்தது. ஜூன், ஜூலையில் இங்கே சாரலும் மூட்டமுமாக இருக்கும்போது எனாமல் பெயின்ட் சீக்கிரம் காயாது. கோட்டின் கடைசியில் பெயின்ட் தேங்கினால் கீழே வழியும். அதனால் மலைமேல் எழுதும்போது கோடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிரஷ்ஷைத் தூக்கிவிடுவார். முனை கூராகாமல் மொழுக்கென்று நிற்கும். கீழே மேட்டுப்பாளையத்து வெயிலில் எழுதினால் வாலை இழுத்துவிடுவார். எனக்கு மலைக் கைதான் வேண்டும் என்றேன், சிரித்தார். ஸ்கேன் செய்து கோடுகளை எடுத்தபோது அந்த மொழுக்கை முனைகளை வழித்துச் சீராக்காமல் விட்டேன். கம்ப்யூட்டர் தானாக ட்ரேஸ் செய்தால் ஒரு எழுத்துக்கே, கோடு வளைகிற இடங்களைக் குறிக்கும் கணுக்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். அவற்றைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குறைக்கிற வேகத்தில் கை நடுங்கிய இடங்களையும் வழித்துவிட்டால், பிறகு பெயின்டர் எதற்கு?

எத்தனை எழுத்து வரைய வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். 247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம், அகர உயிர்மெய் 18, கால் (ா), கொக்கி (ி), கொம்பு (ெ) வகையறா ஏழு, டி, டீ, கிரந்தம் ஆறு. அவற்றோடு, தனித்தனியாக உருமாறுகிற கு, கூ, சு, சூ வரிசை 36. எல்லாம் சேர்த்து எண்பது சொச்சம். உழைப்பைத் தின்பது அந்த 36தான். 'கு' ஒரு விதமாக வளைகிறது, 'து' ஒரு விதமாகக் கால் நீட்டுகிறது, 'மு' வேறு விதமாகச் சுழிக்கிறது. ஒன்றை வரைந்தால் மற்றது தானாக வராது.

வரைந்ததைச் சோதிக்க எல்லோரும் 'அம்மா', 'தமிழ்', 'வணக்கம்' என்று அடித்துப் பார்க்கிறார்கள். அந்த மூன்றும் எந்த ஃபான்ட்டிலும் அழகாகத்தான் இருக்கும். நான் ஊர்ப் பெயர்களை அடிக்கிறேன். குன்னூரில் 'கு'வும் 'னூ'வும் கிடைத்துவிடும். கோத்தகிரியில் 'க'வுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். கூடலூர், மஞ்சூர், குஞ்சப்பனை, கிண்ணக்கொரை, முதுமலை என்று அடித்துக்கொண்டே போனால் பிசிறு எங்கே என்று தெரிந்துவிடும். மலை ரயில் நிலையங்கள் இன்னும் உபகாரம்: கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, அருவங்காடு, கேத்தி, லவ்டேல். 'ஹில்குரோவ்' சரியாக வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கிரந்த எழுத்தை ஒதுக்கிவிட்டு ஃபான்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் கொள்கை. மலைமேல் அது நடக்காது. இங்கே விற்கிற சரக்கைப் பாருங்கள்: ஸ்ட்ராபெர்ரி ஜாம், பேஷன் ஃப்ரூட் ஸ்குவாஷ், ஹோம்மேட் சாக்லேட், ரோஸ்மேரி, யூகலிப்டஸ். 'ஸ்' இல்லாத ஃபான்ட்டை வைத்துக்கொண்டு நான் எதை விற்பது? விலைப் பலகைக்கு எண்களும் ₹ குறியும் அதே கையில் இருக்க வேண்டும். அந்தக் குறி 2010இல்தான் வந்தது என்பதால் பழைய ஃபான்ட்டுகளில் இருக்காது. எழுத்து ஜாலியாக ஆட, பக்கத்தில் ₹ மட்டும் வேறொரு ஃபான்ட்டிலிருந்து விறைப்பாக வந்து நிற்கும்.

கையெழுத்துச் சாயலைக் காட்டிக்கொடுக்கிற இடம் தமிழில் ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்குச் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. நம் மொழியில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்: க்க, ட்ட, த்த, ப்ப, ன்ன, ல்ல. தொட்டபெட்டா என்று அடித்துப் பாருங்கள், நான்கு 'ட' வருகிறது. நான்கும் அச்சு அசலாக ஒரே கோணல், ஒரே நடுக்கம் என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கும் இது கையெழுத்து இல்லை என்று தெரிந்துவிடும். 'ட' இருக்கிற எழுத்திலேயே எளியது. ஒரு நிற்கிற கோடு, ஒரு படுத்த கோடு. மறைந்துகொள்ள அதற்கு இடமே இல்லை.

இதற்கு வைத்தியம் மாற்று வடிவங்கள். அடிக்கடி இரட்டிக்கிற எழுத்துகளுக்கு இரண்டு அல்லது மூன்று வடிவம் வரைந்து, ஓபன்டைப் என்கிற ஃபான்ட் கோப்பு முறையில் 'காண்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்' என்கிற வசதியில் விதி எழுதிவிடலாம்: முந்தியது முதல் வடிவமாக இருந்தால் அடுத்தது இரண்டாவது. அடிக்கிறவர் எதுவும் செய்ய வேண்டாம், தானாக மாறும். நான் க, ட, த, ப, ம, ர, ல, ன ஆகியவற்றுக்கும் அவற்றின் மெய்களுக்கும், அப்புறம் காலுக்கும் கொக்கிக்கும் இதைச் செய்தேன். எல்லா எழுத்துக்கும் செய்ய ஆசைதான், ஆனால் 'ஞூ' இரண்டு தடவை அடுத்தடுத்து வருகிற லேபிள் என் ஆயுசில் வராது. இந்த வேலையைச் செய்யாமல் அழகான ஒரே வடிவத்தை மட்டும் வைத்திருக்கிற ஃபான்ட்டை வாங்கியிருந்தால், இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் மாதிரி வரைகிற மென்பொருளில் எழுத்தை வடிவமாக மாற்றி, இரட்டித்த இரண்டில் ஒன்றைக் கையால் கொஞ்சம் திருப்புங்கள். இரண்டு டிகிரி போதும்.

இனி, தொடவே கூடாத இடங்கள். பள்ளிக்கூடத்தில் ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண' என்று சொல்லிக்கொடுத்தார்களே, அந்தச் சுழிக் கணக்குதான் முதலாவது. பெயின்டர்கள் வேகத்தில் 'ண'வின் நடுச் சுழியைச் சும்மா ஒரு வளைவாக இழுத்துவிடுவார்கள். பலகையில் பரவாயில்லை, பெரிதாக இருக்கும். லேபிளில் அது 'ன' ஆகிவிடும். இங்கே ஹோம்ஸ்டேக்கு 'பனித்துளி' என்று பெயர் வைக்கிறார்கள். இரண்டு சுழிக்கும் வித்தியாசம் தெரியாமல் யாராவது அதைப் 'பணித்துளி' என்று படித்தால் ஆபீஸ் ஞாபகம் வந்துவிடாதா? இரண்டாவது, 'ர'வின் அடியில் சாய்ந்து இறங்குகிற கால். அதை விட்டுவிட்டால் 'ர' துணைக்கால் ஆகிவிடுகிறது. 'கரடு' என்று எழுதியதைக் 'காடு' என்று படிப்பார்கள். நிறைய ஃபான்ட்டுகளில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது, 'ஏ'யின் அடியில் வருகிற கீற்று. அதை நீளமாகவே இழுங்கள். 'ஏலக்காய் டீ' என்று எழுதி, கீற்று மங்கினால் அது 'எலக்காய் டீ' ஆகும். எலி ஞாபகம் வரும் டீயை யார் குடிப்பார்கள்? அப்புறம் 'ழ'வும் 'மு'வும். தடித்த எழுத்தில் இரண்டும் நெருங்கிப் போய்விடும். 'ழ'வின் அடிச் சுருளை நன்றாகக் கீழே இறக்கி, 'மு'வின் வளைவை மேலேயே நிறுத்தினால் தப்பிக்கலாம்.

இவற்றை விட்டால் மற்றதெல்லாம் திறந்த மைதானம். தடிப்பை மாற்றலாம், அகலத்தை மாற்றலாம், 'ச'வைக் குனிய வைக்கலாம், 'கொ'வில் கொம்பைப் பெரிதாக்கிக் 'க'வை அதன் நிழலில் உட்கார வைக்கலாம்.

புள்ளியை வைத்து விளையாடும் ஆசை எல்லா வாடிக்கையாளருக்கும் வரும். டீத்தூள் பொட்டலத்துக்கு வந்த ஒருவர், "புள்ளிக்குப் பதிலா ஒரு தேயிலை போட்டுருங்க" என்றார். 'டீத்தூள்' என்ற வார்த்தையில் இருப்பது 'த்' மேல் ஒன்றும் 'ள்' மேல் ஒன்றுமாக இரண்டே புள்ளி. அங்கே இலை அழகாகவே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜாம் செய்கிற அக்கா, "எனக்கும் அதே மாதிரி, ஆனா ஸ்ட்ராபெர்ரிப் பழம்" என்றார். 'ஸ்ட்ராபெர்ரி ஜாம்' என்பதில் நான்கு புள்ளி. நான்கு பழத்தையும் வைத்தால் வார்த்தை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடைசி 'ம்' மேல் மட்டும் ஒரு பழம், மற்ற மூன்றும் சாதாரணப் புள்ளி என்று வைத்துக் காட்டினேன். "இதுதாம்மா" என்று எடுத்துக்கொண்டார். அந்த இலையையும் பழத்தையும் ஃபான்ட்டில் தனி மாற்று வடிவமாக வைத்திருக்கிறேன். கேட்டால் மட்டும் வரும், தானாக வராது. இலைப் புள்ளி சின்ன அளவில் இகரக் கொக்கி மாதிரியே தெரியும், அதனால் 24 பாயின்ட்டுக்குக் கீழே நான் அதைப் போடுவதில்லை. தோடர் எம்பிராய்டரி டிசைனை எழுத்துக்குள் போடச் சொல்லியும் ஒருவர் வந்தார். அது புவிசார் குறியீடு பெற்ற, அந்தச் சமூகத்துப் பெண்களின் கைவேலை. அவர்களிடமே பேசி, அவர்களிடமே வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

லேபிளில் இந்த எழுத்துக்கு ஒரே ஒரு இடம்தான் தருகிறேன்: பொருளின் பெயர். உணவுப் பொருளுக்குச் சட்டப்படி அச்சிட வேண்டிய விவரங்கள், அதாவது சேர்மானம், எடை, தயாரித்த தேதி போன்றவை, ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். அந்தக் கூடுதல் தமிழையும் சாதாரண ஃபான்ட்டில்தான் போடுவேன். ஒரே லேபிளில் இரண்டு குறும்பு ஃபான்ட் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். நீலகிரித் தைலப் பாட்டில் என்றால் இன்னும் கறார்: 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்பது குதிக்கக் கூடாது, நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இரண்டு வரியாக வந்தால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ஆங்கிலத்துக்கு 1.2 மடங்கு போதும் என்று மென்பொருள் தானாக வைக்கும். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே 'ழு', 'ஞு', 'ரூ' ஆகியவற்றின் கால்களும் இருக்கின்றன. எழுத்து ஆடவும் செய்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டும். நான் 1.5இல் ஆரம்பித்து, வார்த்தையைப் பார்த்துக் குறைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குகிற பெயர் தமிழில் அடங்காது என்பதையும் டப்பா வாங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. டப்பாவை வாங்கி வைத்துவிட்டு எழுத்தை நசுக்கச் சொன்னால், அகலத்தை மட்டும் 70 சதவீதத்துக்கு நசுக்குவார்கள். நிற்கிற கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் மட்டும் அதே தடிப்பில் நின்று, எழுத்து நோயாளி ஆகிவிடும்.

பலகை வேறு கதை. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது அரசு சொல்கிற விகிதம். ஆகவே பலகையில் பெரிதாக நிற்கப்போவது தமிழ். இந்த ஃபான்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் மூட்டத்தை மறக்கக் கூடாது. மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், எதிரே இருப்பது எழுத்தா மரமா என்பதே சந்தேகம். கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் அக்கா பெயர்ப்பலகையோடு, 'இடதுபுறம் திரும்பவும்' என்ற வழிகாட்டிப் பலகையும் அதே எழுத்தில் வேண்டும் என்றார். "மேட்ச்சா இருக்குமேம்மா." கேட் அருகே இருக்கிற பெயரை நின்று படிப்பார்கள். திருப்பத்தில் இருக்கிறதை ஓட்டிக்கொண்டே, வைப்பருக்கு நடுவில் படிப்பார்கள். திருப்பத்துப் பலகைக்குச் சாதாரண தடித்த ஃபான்ட், கரும்பச்சையில் மஞ்சள் எழுத்து, பெரிய அம்புக்குறி. மூலையில் மட்டும் ஹோம்ஸ்டே பெயர் நம் எழுத்தில். அக்கா அரைமனதோடு சரி என்றார். மூட்டத்தில் வெள்ளைப் பின்னணியும் சாம்பல் எழுத்தும் சுத்தமாக எடுபடாது, அதை எந்த ஃபான்ட்டிலும் செய்யாதீர்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு, 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் வந்த தடைக்கு ரொம்பக் காலம் முந்தியது. அதனால் இங்கே துணிப்பை, பிரவுன் பேப்பர் கவர் ஆகியவற்றில் அச்சடிக்கிற வேலை எனக்கு நிறைய வருகிறது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் துணியில் மை பரவும். தடித்த எழுத்தில் 'ண', 'ஞ', 'மூ' இவற்றின் சுழிக்குள் இருக்கிற ஓட்டை அடைந்து கரும்பொட்டாகிவிடும். இதற்காகவே ஃபான்ட்டின் மெலிந்த பதிப்பு ஒன்றைச் செய்துவைத்தேன். துணியில் அடித்ததும் அது பரவி, பேப்பரில் தடித்த பதிப்பு தெரிகிற மாதிரியே வந்து நிற்கிறது. மெலிந்த பதிப்பு இல்லாத ஃபான்ட் என்றால், எழுத்தைச் சுற்றிப் பின்னணி நிறத்திலேயே மெல்லிய கோடு கொடுத்தால் உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்கும். ரப்பர் ஸ்டாம்புக்கும் இதே கதைதான்.

வேடிக்கைக்காகச் சேர்த்த ஒன்று எதிர்பாராமல் நன்றாக ஓடுகிறது: பழைய 'லை'. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன், ணை, லை, ளை, னை நான்கும் இப்போதைய ஐகாரக் கொம்புக்குப் பதிலாக, யானை தும்பிக்கை தூக்கிய மாதிரி ஒரு வளைவோடுதான் எழுதப்பட்டன. பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் அதை மாற்றிவிட்டார் என்றாலும் பாடப்புத்தகத்துக்கும் பலகைக்கும் வர நாலு தசாப்தம் ஆனது. பெயின்டர் அண்ணன் கை அதைத் தானாகவே எழுதியது, "எங்க அப்பா பலகை எழுதுற காலத்துல இதான் கண்ணு" என்றார். இந்த ஊரில் எந்த லேபிளை எடுத்தாலும் 'மலை' வரும், இல்லாவிட்டால் 'தேயிலை' வரும். ஆக, இரண்டில் ஒரு வேலையில் தும்பிக்கைக்கு இடம் இருக்கிறது. யூனிகோடில் பழைய 'லை'க்குத் தனி எண் கிடையாது. அடிப்பது அதே 'லை', தோற்றம் மட்டும் மாறும். மாற்று வடிவமாக வைத்துவிட்டால் நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினாலும் எழுத்து கெடாது. பழைய காலத்து டீக்கடைத் தோரணை வேண்டும் என்பவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகள் ஒரு நொடி நின்று பார்த்துப் படித்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கான பொருளில் மட்டும் போடுவதில்லை.

மென்பொருள் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இங்க்ஸ்கேப்பும் ஃபான்ட்ஃபோர்ஜும் இலவசம், இரண்டிலேயே முழு ஃபான்ட்டையும் செய்யலாம். பணம் இருந்தால் கிளிஃப்ஸ் சுகமாக இருக்கும், ஆனால் அதற்கு மேக் வேண்டும். ஃபான்ட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அடோபி மென்பொருள்களில் தமிழ் உடைந்து, 'கொ' என்று அடித்தால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஃபான்ட் கெட்டுவிட்டது என்று எனக்குப் போன் செய்வார்கள். கெட்டது ஃபான்ட் இல்லை. இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசர். ஒரு தடவை மாற்றினால் போதும்.

அச்சுக்கு அனுப்பும்போது, சிவகாசியோ கோயம்புத்தூரோ, முதலில் காதில் விழுவது "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்பதுதான். எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டால் அந்த மெஷினில் ஃபான்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒரு அச்சகத்தில், கர்வ் செய்த கோப்பு கையில் இருந்தும், விலையைத் திருத்துகிறேன் பேர்வழி என்று பெயரையும் சேர்த்துத் தங்களிடம் இருந்த பாமினி ஃபான்ட்டில் மறுபடி அடித்துவிட்டார்கள். முழு லாட்டும் அப்படியே வந்தது. அதிலிருந்து பி.டி.எஃப். மட்டும்தான் அனுப்புகிறேன், கூடவே அச்சில் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு படமும். திருத்தம் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள் என்று மெயிலில் ஒரு வரி. கர்வ் செய்யாத மூலக் கோப்பை உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டீத்தூள் விலை மாறும்போது கர்வ் ஆன எழுத்தைத் தட்டித் திருத்த முடியாது, முதலிலிருந்து அடிக்க வேண்டும்.